மூன்று வாக்கெடுப்பும் நேர்மையாகத்தான் நடந்திருக்கின்றன

முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு குளத்தின் கமக்காரர் அமைப்புக்குப் புதிதாகச் செயலாளராக வந்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். அமைப்பின் கையில் இருந்த பணம் ஒரு வேலைக்கு மட்டுமே போதுமாக இருந்தது. கடைப்பகுதி வாய்க்காலுக்குச் சீமெந்துக் கட்டு, உலர்த்தும் தளத்தோடு ஒரு நெற்களஞ்சியம், வயல்வெளிக்குள் போகும் கிரவல் பாதை என்று மூன்று திட்டங்கள் முன்வைக்கப்பட்டன. 61 பேர் கூடிய கூட்டத்தில் முதலில் வாய்க்காலா களஞ்சியமா என்று கையுயர்த்தச் சொன்னபோது வாய்க்கால் 41க்கு 20 என்று வென்றது. அடுத்து வாய்க்காலா பாதையா என்று கேட்டபோது பாதை 38க்கு 23 என்று வென்றது. பாதை என்று தீர்மானம் எழுதிவிட்டார்கள். அடுத்த கிழமை, களஞ்சியத்தையும் பாதையையும் நேருக்கு நேர் வைத்துக் கேட்கவே இல்லையே என்று ஒருவர் எழும்ப, அதே 61 பேரும் மறுபடி கையுயர்த்தினார்கள். களஞ்சியம் 43க்கு 18 என்று வென்றது. இப்போது ஊர் பாதையைவிடக் களஞ்சியத்தை விரும்புகிறது, களஞ்சியத்தைவிட வாய்க்காலை விரும்புகிறது, வாய்க்காலைவிடப் பாதையை விரும்புகிறது. யாரோ காசு வாங்கிக்கொண்டு பக்கம் மாறிவிட்டார்கள் என்ற பேச்சும் கிளம்பியிருக்கிறது. அது உண்மையா என்பதே கேள்வி.

தம்பி, நீங்கள் எழுதியிருக்கும் எண்களை வைத்துச் சொல்கிறேன்: ஒருவர்கூடப் பக்கம் மாறியிருக்கத் தேவையில்லை. இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, கூட்டிப் பார்த்துச் சொல்கிறேன். மூன்று திட்டங்களையும் மனத்துக்குள் முதலாவது, இரண்டாவது, மூன்றாவது என்று ஒழுங்காக வரிசைப்படுத்தியிருக்கும் ஒரு மனிதரை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மூன்று வாக்கெடுப்பிலும் வென்ற பக்கத்தில் அவர் கையுயர்த்தியிருக்க முடியுமா? முடியாது, மூன்றிலும் வென்ற பக்கம் நின்றிருந்தால் அவருடைய சொந்த விருப்பமே வட்டமாகிவிடும். ஆகக்கூடியது இரண்டில் அவர் வென்றவர்களோடு நின்றிருக்கலாம். அப்படியானால் 61 பேரிடமிருந்து வென்ற பக்கங்களுக்கு வந்திருக்கக்கூடிய கைகள் ஆகக்கூடியது 122. உங்கள் 41, 38, 43 மூன்றையும் கூட்டுங்கள்: சரியாக 122 வருகிறது. 123 வந்திருந்தால் எவரோ ஒருவர் குழம்பினார் அல்லது இடையில் மனம் மாறினார் என்று நானே சொல்லியிருப்பேன். 122 என்பது, ஒவ்வொருவரும் தத்தம் வரிசையில் உறுதியாக நின்று, ஒவ்வொருவரும் சரியாக ஒரே ஒரு தடவை தோற்றுப்போன கூட்டத்தின் எண்.

அதே எண்களிலிருந்து உங்கள் சபை எப்படிப் பிரிந்திருக்கிறது என்பதையும் எடுத்துவிடலாம். பாதைக்கு எதிராக வாய்க்காலோடு நின்ற 23 பேர் வாய்க்கால், களஞ்சியம், பாதை என்ற வரிசையில் விரும்புகிறவர்கள். வாய்க்காலுக்கு எதிராகக் களஞ்சியத்தோடு நின்ற 20 பேருக்குக் களஞ்சியம், பாதை, வாய்க்கால் என்பது வரிசை. களஞ்சியத்துக்கு எதிராகப் பாதையோடு நின்ற 18 பேருக்குப் பாதை, வாய்க்கால், களஞ்சியம். உங்கள் குளத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் இந்த மூன்று வகையாரையும் வன்னியின் எந்தக் குளத்தின் கீழும் காணலாம். முதலாவது வகையார் கடைவாய்க்கால்காரர். துருசு, அதாவது குளத்து மதகு, திறந்து பல நாள் கழித்துத்தான் அவர்களுடைய வரம்பு நனையும், ஆனால் அவர்களுடைய காணி வீதியோரத்தில் கிடப்பதால் பாதையைப் பற்றிய கவலை இல்லை. இரண்டாவது வகையார் துருசுக்குக் கிட்டவாக இருப்பவர்கள். தண்ணீர் அவர்களுக்கு எப்படியும் வரும், அவர்களை வருத்துவது அறுவடை முடிந்த கையோடு ஈர நெல்லை வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுக்க வேண்டியிருப்பதுதான். மூன்றாவது வகையார் உள்ளே, காட்டோரத்தில் இருப்பவர்கள். அறுவடை இயந்திரம் சேற்றில் புதைந்த கதை அவர்களிடம் ஆளுக்கொன்று இருக்கும், ஊர் நடுவில் கட்டப்படும் களஞ்சியத்துக்கு மூடைகளைக் கொண்டுவந்து சேர்ப்பதே அவர்களுக்குப் பெரும்பாடு. மூன்று சாராரிடமும் நியாயம் இருக்கிறது, மூன்று சாராரும் தெளிவாக இருக்கிறார்கள். தெளிவில்லாமல் இருப்பது மூன்று சாராரையும் சேர்த்து ‘ஊர்’ என்று நாம் அழைக்கும் அந்த ஒற்றை ஆள் மட்டுமே. அப்படி ஓர் ஆள் இல்லை என்பதே இதிலிருந்து தெரிய வேண்டியது.

இதை முதன்முதலில் ஒழுங்காக எழுதிக் காட்டியவர் பிரான்சு நாட்டுக் கணித அறிஞர் கொந்தொர்சே. 1785இல் வெளிவந்த நூலில், பெரும்பான்மைத் தீர்ப்புகள் ஒன்றோடொன்று முரண்பட்டு வட்டமாகச் சுழலக்கூடும் என்பதை அவர் காட்டினார். பிரெஞ்சுப் புரட்சியின் நடுவே நின்ற அவர் 1794இல் சிறையில் இறந்தார். மூன்று பேர் மூன்று பொருள்களை வரிசைப்படுத்துவதற்கு 216 வழிகள் உண்டு. அவற்றில் 12 வழிகளில் வட்டம் விழும், அதாவது பதினெட்டில் ஒன்று. ஆட்கள் பெருகப் பெருக, எல்லா வரிசைகளுக்கும் சம வாய்ப்பு என்று வைத்துக்கொண்டால், அது நூற்றுக்கு ஏறத்தாழ 8.8 ஆகிறது. உண்மையான ஊரில் வரிசைகள் சம வாய்ப்போடு விழுவதில்லை. காணி எங்கே கிடக்கிறது என்பதே பாதி விருப்பத்தைத் தீர்மானித்துவிடுகிறது. ஆகவே இந்தச் சதவீதத்தைப் பெரிதாக எடுக்காதீர்கள். ஒரே பணத்தை மூன்று சாராருக்கிடையே பங்கிடும் கேள்விகளில் வட்டம் எளிதில் விழும் என்பதை மட்டும் மனத்தில் வையுங்கள்.

இனி உங்கள் கூட்டத்தில் உண்மையிலேயே கவனிக்க வேண்டிய இடத்துக்கு வருகிறேன். உங்கள் தலைவர் முதலில் வாய்க்காலையும் களஞ்சியத்தையும் மோதவிட்டு, வென்றதைப் பாதையோடு மோதவிட்டார்; பாதை வென்றது. களஞ்சியத்தையும் பாதையையும் முதலில் மோதவிட்டிருந்தால் களஞ்சியம் மிஞ்சி, பிறகு வாய்க்காலிடம் தோற்றிருக்கும். வாய்க்காலையும் பாதையையும் முதலில் மோதவிட்டிருந்தால் பாதை மிஞ்சி, பிறகு களஞ்சியத்திடம் தோற்றிருக்கும். கடைசியாக உள்ளே வருவது எதுவோ அதுவே வெல்கிறது. 61 பேரும் கையுயர்த்தினாலும், எதைக் கடைசியில் கேட்பது என்று முடிவெடுத்த ஒருவருடைய சொல்லே முடிவாகிறது. உங்கள் தலைவர் இதை அறிந்து செய்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை. நிகழ்ச்சி நிரலில் எந்த ஒழுங்கில் எழுதப்பட்டிருந்ததோ அந்த ஒழுங்கில் கேட்டிருப்பார். ஆனால் அறிந்து செய்கிறவரும் இருக்கிறார், அவரைப் பிடிக்க எந்தச் சட்டமும் உதவாது, ஏனென்றால் அவர் ஒரு கையைக்கூடத் தவறாக எண்ணியிருக்க மாட்டார்.

இதைவிடக் கொடிய ஒன்றும் நடக்கலாம். நான்காவதாக ஒரு திட்டம் கூட்டத்தின் நடுவே வருகிறது என்று வையுங்கள்: அதே களஞ்சியம், அதே செலவு, ஆனால் உலர்த்தும் தளம் இல்லை. தார் வீதியின் ஒரு பக்கத்தை மறித்து, கல் அடுக்கி, வாகனத்துக்குப் பயந்து பயந்து நெல்லைக் காயப்போட்டுக் கிளறிய எவரும் தளமில்லாத களஞ்சியத்தைத் தளமுள்ளதற்கு மேலாக வைக்க மாட்டார். 61 பேரும் இதில் ஒரே குரல். ஒவ்வொரு சாராரின் வரிசையிலும் தளமுள்ள களஞ்சியத்துக்கு நேர் கீழே இது வந்து உட்காருகிறது. இப்போது வாய்க்காலையும் நல்ல களஞ்சியத்தையும் மோதவிடுங்கள், வாய்க்கால் வெல்லும். அதைப் பாதையோடு மோதவிடுங்கள், பாதை வெல்லும். அதைத் தளமில்லாத களஞ்சியத்தோடு மோதவிடுங்கள்; முதல் இரு சாராரும் சேர்ந்து 43க்கு 18 என்று தளமில்லாத களஞ்சியத்தை வெல்லவைப்பார்கள். ஒவ்வொரு படியிலும் தெளிவான பெரும்பான்மை இருந்தது. ஆனால் 61 பேரும் ஒருமனதாக மட்டம் என்று ஒதுக்கும் ஒன்று தீர்மானமாகிவிட்டது. கூட்டம் முடிந்து சைக்கிளை எடுக்கும்போது ‘எப்படி இதுக்குக் கை தூக்கினோம்’ என்று ஒருவரையொருவர் பார்க்கும் அந்த முகங்களைப் பதினாறு ஆண்டுகள் அறிக்கைப் புத்தகம் எழுதியவன் என்ற முறையில் நான் அறிவேன். இப்படியான ஒரு தீர்மானத்துக்குப் பிறகு, ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் இருவர் இரண்டு சிறுபோகம், அதாவது இரண்டு கோடைப் பயிர்க்காலம், பேச்சில்லாமல் வாய்க்காலின் இரு கரையிலும் நின்று தண்ணீர் பாய்ச்சியதையும் பார்த்திருக்கிறேன். பகைக்குக் காரணம் வஞ்சகம் என்று இருவரும் நம்பினார்கள். கணக்கை அன்று எனக்கு விளக்கத் தெரியவில்லை. அந்த வருத்தத்தில்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

வட்டம் தெரிந்துவிட்டால் நேர்மையாகக் கையுயர்த்துவதே நட்டமாகவும் முடியலாம். உங்கள் 23 கடைவாய்க்கால்காரர், கடைசியில் பாதை வரப்போகிறது என்று முன்கூட்டியே அறிந்திருந்தால், முதல் வாக்கெடுப்பில் தங்களுக்கு மிக விருப்பமான வாய்க்காலைக் கைவிட்டுக் களஞ்சியத்துக்குக் கையுயர்த்தியிருப்பார்கள். களஞ்சியம் பாதையையும் வென்று, மூன்றாவது விருப்பத்துக்குப் பதிலாக இரண்டாவது விருப்பம் அவர்களுக்குக் கிடைத்திருக்கும். மூன்றோ அதற்கு மேலோ முடிவுகள் சாத்தியமாக இருந்து, ஒருவருடைய சொல்லே சட்டம் என்றும் இல்லாவிட்டால், இப்படிப் பொய்யாக வாக்களித்து லாபம் பார்க்கும் இடம் எந்த வாக்களிப்பு முறையிலும் இருந்தே தீரும் என்று மெய்யியலாளர் கிப்பர்டு 1973இலும் பொருளியலாளர் சற்றர்த்துவைற் 1975இலும் தனித்தனியே நிறுவினார்கள்.

அப்படியானால் மாரிகாலக் காலபோகத்துக்கும் சிறுபோகத்துக்கும் நாம் ஆண்டாண்டாக நடத்தும் பயிர்ச்செய்கைக் கூட்டங்கள் ஏன் இப்படிக் குழம்பவில்லை? இது மிக நல்ல கேள்வி; உங்கள் கடிதத்தில் நீங்களே தொட்டுவிட்டு விட்டுவிட்டீர்கள். அங்கே கேட்கப்படும் கேள்விகள் பெரும்பாலும் ஒரு கோட்டில் கிடப்பவை. துருசை எந்தத் திகதியில் திறப்பது? இருக்கும் தண்ணீருக்குப் பங்குக்கு எத்தனை ஏக்கர் விதைப்பது? பங்குக்கு ஒரு ஏக்கர் சரி என்று நினைக்கும் ஒருவருக்கு, அரை ஏக்கரோ ஒன்றரை ஏக்கரோ கொஞ்சம் மனக்குறை, இரண்டு ஏக்கர் இன்னும் கூடிய மனக்குறை. தமக்குப் பிடித்த புள்ளியிலிருந்து விலக விலக விருப்பம் இறங்கிக்கொண்டே போகும். எல்லோருடைய விருப்பமும் இப்படி ஒரே கோட்டில் ஒரே உச்சியோடு இருக்குமானால் வட்டம் விழாது என்றும், எல்லோரையும் வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவருடைய தெரிவு மற்றெல்லாவற்றையும் நேருக்கு நேர் வெல்லும் என்றும் ஸ்கொட்லாந்துப் பொருளியலாளர் டங்கன் பிளாக் 1948இல் காட்டினார். தண்ணீர்ப் பங்கீட்டைக் கவனிக்கும் வட்டவிதானையும் பெரியவர்களும் ‘நடுவாகப் பார்த்து முடிப்பம்’ என்று சொல்லிவந்ததில் இவ்வளவு கணிதம் இருந்திருக்கிறது.

ஆனால் இந்தக் கோடும் சில வேளை முறியும். அரை ஏக்கருக்காக உழவு இயந்திரத்தைக் கூப்பிட்டுக் காவலும் இருப்பது கட்டாது, ஒன்றில் ஒன்றரை ஏக்கர் தாருங்கள், இல்லாவிட்டால் இந்தச் சிறுபோகமே வேண்டாம் என்று சொல்லும் ஒரு சாரார் சேர்ந்துவிட்டால், அவர்களுக்கு இரண்டு ஓரங்களும் பிடிக்கும், நடு பிடிக்காது. அப்போது ஏக்கர்க் கணக்கிலும் வட்டம் விழக்கூடும். உங்கள் மூன்று திட்டங்களோ தொடக்கத்திலேயே எந்தக் கோட்டிலும் இல்லை. வாய்க்காலுக்கும் பாதைக்கும் ‘நடுவில்’ களஞ்சியம் இருக்கிறது என்று சொல்வதில் ஒரு பொருளும் இல்லை.

இரண்டிரண்டாக மோதவிடுவதை விட்டு, புள்ளி கொடுத்தால் என்ன என்று கேட்பீர்கள். முதலாம் இடத்துக்கு 2, இரண்டாம் இடத்துக்கு 1, மூன்றாம் இடத்துக்கு 0 என்ற முறையைக் கொந்தொர்சே காலத்துப் பிரெஞ்சு அறிஞரான போர்தா முன்வைத்தார். உங்கள் எண்களில் வாய்க்காலுக்கு 64, களஞ்சியத்துக்கு 63, பாதைக்கு 56 வருகிறது. வாய்க்கால் ஒரு புள்ளியால் வெல்கிறது. நல்லது என்று எழும்புவதற்கு முன், எவருக்கும் வேண்டாத அந்தத் தளமில்லாத களஞ்சியத்தை நான்காவதாகச் சேர்த்து 3, 2, 1, 0 என்று எண்ணிப் பாருங்கள்: தளமுள்ள களஞ்சியத்துக்கு 124, வாய்க்காலுக்கு 105, பாதைக்கு 74, தளமில்லாததற்கு 63. வெல்லவே முடியாத ஒன்று உள்ளே வந்து, வென்றிருந்ததை வீழ்த்திவிட்டது. களஞ்சியம் வேண்டுமென்று நிற்பவர்களுக்கு இது தெரிந்தால், மட்டமான களஞ்சியத் திட்டங்களாக எழுதிக் கொண்டுவருவார்கள்.

இந்த இடைஞ்சல் எல்லாவற்றையும் ஒரே தேற்றத்தில் அடக்கியவர் அமெரிக்கப் பொருளியலாளர் கென்னத் அரோ. 1951இல் நூலாக வந்தது, 1972இல் அவருக்குப் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது. மக்கள் எந்த வரிசையில் விரும்பினாலும் ஏற்றுக்கொண்டு, எல்லோரும் ஒருமனதாகச் சொல்வதை மதித்து, இரண்டு திட்டங்களின் மேல் கீழைத் தீர்மானிக்கும்போது மூன்றாவதன் பேச்சை இடையில் நுழைய விடாமல், எவர் ஒருவரையும் சர்வாதிகாரி ஆக்காமல், வட்டமில்லாத ஒழுங்கான வரிசை ஒன்றை எப்போதும் தரும் முறை, மூன்றோ அதற்கு மேலோ திட்டங்கள் இருக்கும்போது கிடையவே கிடையாது. ஆகவே குறையில்லாத முறையைத் தேடி அலைவதில் பயனில்லை. எந்தக் குறையோடு வாழ்வது என்பதை மட்டுமே நாம் தெரிவு செய்யலாம். திட்டங்கள் இரண்டே இரண்டாக இருந்தால் பெரும்பான்மை முறைக்கு இந்த நோய் இல்லை.

நாட்டின் தேர்தலிலும் இதே தெரிவு நடந்திருக்கிறது. ஜனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 என்று விருப்பத்தெரிவு இடுகிறோம். 2024 செப்டம்பர் 21ஆம் திகதி நடந்த தேர்தலில் அநுர குமார திசாநாயக்க 42.31 சதவீதமும் சஜித் பிரேமதாச 32.76 சதவீதமும் பெற்று, எவரும் பாதியைத் தாண்டாததால், முதன்முறையாக விருப்பத்தெரிவுகளுக்கான இரண்டாம் சுற்று எண்ணிக்கை நடந்தது. அதில் முதல் இருவரைத் தவிர மற்ற எல்லோரும் நீக்கப்படுவதால் வட்டம் கண்ணில் படவே வழியில்லை. உங்கள் கூட்டத்தில் இந்த முறையைப் பின்பற்றியிருந்தால் பாதை முதலில் நீங்கி, வாய்க்கால் 41க்கு 20 என்று வென்று, எல்லோரும் அமைதியாக வீட்டுக்குப் போயிருப்பார்கள். வாய்க்காலைவிடப் பாதையை விரும்பிய 38 பேர் இருக்கிறார்கள் என்பதும் ஒருவருக்கும் தெரியாமல் போயிருக்கும். முடிவு கிடைப்பது வேறு, ஊரின் விருப்பம் ஒன்றுபட்டிருப்பது வேறு.

முரண்பாடு விருப்பங்களில் மட்டும் வருவதில்லை, தீர்ப்புகளிலும் வரும். மாடு வயலுக்குள் இறங்கியது தொடர்பான முறைப்பாட்டை மூவர் விசாரிக்கிறார்கள். மாடு இறங்கியிருக்க வேண்டும், வயற்காரர் தம் பங்கு வேலியை ஒழுங்காக அடைத்தும் இருக்க வேண்டும்; இரண்டும் சரியென்றால் நட்டஈடு. ஒருவர் இரண்டும் சரி என்கிறார். இன்னொருவர் மாடு இறங்கியது சரி, வேலி சரியில்லை என்கிறார். மூன்றாமவர் வேலி சரி, மாடு இறங்கியதற்குச் சாட்சி போதாது என்கிறார். மாடு இறங்கியது என்பதற்கு இருவர், வேலி ஒழுங்கு என்பதற்கு இருவர். ஆனால் நட்டஈடு கொடுக்க வேண்டும் என்பதற்கு ஒருவர் மட்டுமே. நீதிமன்றத் தீர்ப்புகளில் இதை அமெரிக்கச் சட்ட அறிஞர்களான கோர்ன்ஹவுசரும் சேகரும் எடுத்துக்காட்ட, மெய்யியலாளர்களான லிஸ்ற்றும் பெற்றிற்றும் 2002இல் பொதுத் தேற்றமாக நிறுவினார்கள். விசாரணைக் குழு அமைக்கும்போது, காரணங்களுக்குத் தனித்தனியே வாக்கா, முடிவுக்கு மட்டும் வாக்கா என்பதை முன்கூட்டியே எழுதிவைப்பது அவசியம்.

உங்கள் பணத்துக்கு என்ன செய்வது? வட்டம் விழுந்தால் ஆகக் குறைந்த பெரும்பான்மையைத் தள்ளிவிட்டு மிஞ்சியதைப் பின்பற்றலாம் என்று கொந்தொர்சேயே வழி சொல்லியிருக்கிறார். உங்கள் மூன்றில் பாதையின் 38தான் ஆகக் குறைந்தது. அதைத் தள்ளினால் வாய்க்கால், களஞ்சியம், பாதை என்ற வரிசை வருகிறது. ஆனால் முடிவுகள் எல்லோருக்கும் தெரிந்த பிறகு இந்த விதியைக் கொண்டுவந்தால், அது வாய்க்கால்காரருக்காக எழுதப்பட்ட விதியாகவே மற்ற 38 பேருக்கும் தெரியும், அதில் பிழையும் இல்லை. இந்தத் தடவைக்கு நான் சொல்லக்கூடியது திருவுளச்சீட்டுத்தான். இதைக் கூச்சத்தோடு சொல்லவில்லை. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள், 919இலும் 921இலும் பொறிக்கப்பட்டவை, 30 குடும்புகளுக்கும், அதாவது ஊரின் வட்டாரங்களுக்கும், தகுதி உள்ளவர்களின் பெயரோலைகளைக் குடத்தில் இட்டு, விவரமறியாத சிறுவனைக் கொண்டு எடுப்பிக்கச் சொல்கின்றன. அதைப் பெரும்பான்மைத் தேர்தல் என்று பலர் மேடையில் பேசினாலும், அது சீட்டெடுப்பு. தகுதியை ஆராய்ந்துவிட்டு, சமமான தகுதிகளுக்கிடையே ஒருவருடைய கையும் ஓங்காமல் முடிவெடுத்த முறை. உங்கள் மூன்று திட்டங்களும் அப்படிச் சமமான தகுதியோடுதான் நிற்கின்றன.

அடுத்த முறைக்காக, வரும் காலபோகக் கூட்டத்திலேயே, எந்தத் திட்டத்தின் பெயரும் எடுபடுவதற்கு முன், இவற்றைத் தீர்மானமாக எழுதி வாசித்துக் கையொப்பம் வாங்கிவிடுங்கள். திட்டங்களின் பட்டியல் கூட்டத்துக்கு இரண்டு கிழமைக்கு முன் மூடப்படும். ஒவ்வொருவரும் தம் வரிசையை ஒரே தாளில் ஒரே தடவை எழுதித் தருவார். எழுத இயலாத மூத்தவர்கள் விரும்பினால் தம் பிள்ளையைக் கொண்டு எழுதலாம். தாள்களிலிருந்து எல்லாச் சோடிகளும் பகிரங்கமாக எண்ணப்படும். மற்ற எல்லாவற்றையும் நேருக்கு நேர் வென்றது இருந்தால் அதுவே வேலை. இல்லாவிட்டால், வட்டத்துக்குள் நிற்பவற்றின் பெயர்களை மட்டும் சீட்டில் எழுதி, பிள்ளையார் கோயில் முன்றிலில் வைத்து, காணி இல்லாத வீட்டுச் சிறுபிள்ளை ஒன்றைக் கொண்டு ஒன்றை எடுப்பிப்பது.